முழு பவர் டப்பா

இதை வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கல்யாணமானவர்கள் மட்டும் படியுங்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

2004-இல் நடந்தது. எனக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ஐந்தரைக்கு விடுவார்கள். வியாசர்பாடியில் வீடு. போய்ச் சேரும்போது மணி ஏழு. "ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி, நம்ம வண்டியோ மாடு மாதிரி நடக்குது" என்று ஆறு வருஷமாக என் மனைவி ரமாபாயிடம் சொல்லி வந்தேன். நடுவில் தண்டையார்பேட்டை கேரம் கிளப்பில் ஒரு மணி நேரம் உட்கார்வதை மட்டும் சொல்லவில்லை. உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

அப்போதுதான் பைக் மெக்கானிக் அலி அக்பர் என் புத்தியைக் கெடுத்தான்.

"கம்பெனிக்காரன் உன் இன்ஜினைக் கட்டிப்போட்டுகீறான் மாமு. உள்ள கீற கறுப்பு டப்பாவத் தூக்கிட்டு இந்த டப்பாவப் போடு. முழு பவரும் வெளிய வந்துரும்."

முழு பவர்! ஆறு வருஷப் புருஷனுக்கு அந்த வார்த்தை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அங்கேயே வாங்கி, மாட்டச் சொல்லி, வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தேன். வாசலிலேயே ரமாபாய் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி எங்கய்யா?"

"அலி அக்பர் புது டப்பா மாட்டிகினு கீறான். இனிமே பறக்கும்!"

"பறந்து இன்னா பண்ணப் போற?"

"எண்ணூர்லேர்ந்து அரை மணில வூட்டுக்கு வந்துருவேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்போ நாளைலேர்ந்து ஆறு மணிக்கு வூட்ல இருப்ப" என்றாள்.

இருந்தேன். வண்டி பறக்கத்தான் செய்தது. காதில் காற்று இரைந்தது. லாரிக்காரர்கள் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. ஆறு மணிக்கு வந்தவன் கையில் தண்ணிக் குடம். அப்புறம் ரேஷன் மண்ணெண்ணெய். அப்புறம் யூகேஜி படிக்கும் மகிழினியின் வீட்டுப்பாடம். கேரம் கிளப்பில் என் இடத்தில் பாஸ்கர் உட்கார்ந்து சிவப்புக் காயைப் போடுகிறானாம். அழுகையே வந்தது.

ஒரு மாதம் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் தெரியாமல் அலி அக்பரிடம் போனேன்.

"பழைய டப்பாவையே மாட்டிருடா."

அவன் தலையைச் சொறிந்தான். "பழசுதான் மாமு கீது."

"இன்னாடா சொல்ற?"

"அன்னிக்கே அக்கா வந்துட்டாங்க. 'லாரிக்கு நடுவுல பூந்து சாவறதுக்கா?'ன்னு என்னைக் கிழிச்சிட்டு, புது டப்பாவ எடுத்துகினு போய்ட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஆர்டர்."

அப்படியானால் ஒரு மாதமாகக் காதில் இரைந்த காற்று? எண்ணூர் கடற்காற்று. டப்பாவுக்கு முன்னாலும் அது அப்படித்தான் வீசியிருக்கும். தொழிற்சாலையில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. வெட்கத்தைக் கோபமாக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னை ஏமாத்திட்டல்ல? ஒரு மாசமா பழைய டப்பாவுலதான் அரை மணில வந்துகினு கீறேன்!"

ரமாபாய் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அதத்தான்யா நானும் கேக்கணும்னு இருந்தேன். பழசுலயே அரை மணிதான்னா, ஆறு வருசமா மீதி ஒரு மணி நேரம் எங்க இருந்த?"