ஃபுட்வால்வு அண்ணன் கடலுக்கு உடுப்பு எடுத்த கதை

கோயமுத்தூர் மரியாதையால் பாதிக்கப்பட்ட மனிதர் என்று உலகத்தில் ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர், கணபதியில் எங்கள் தெருமுனையில் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஃபுட்வால்வு அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம், தெருவில் யாருக்கும் தெரியாது. கிணற்றில் இறங்கும் குழாயின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்க ஒரு மூடி இருக்கும். அதுதான் ஃபுட்வால்வு. அதில் சேறு அடைத்தால் மற்றவர்கள் குழாயை மேலே தூக்குவார்கள். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருவார். அந்தக் காலத்தில் அவர் முங்கினால், மேலே நிற்கிறவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து எட்டிப் பார்த்தால் போதும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஊர் என்றால் பெரும்பாலும் அவர்தான்.

பிறகு ஒரு வேகத்தடை அவரை பைக்கோடு தூக்கிப் போட்டது. இடது தோளில் தகடு வைத்தார்கள். அன்று முதல் அந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழாது, முதுகுப் பக்கமும் வளையாது. அதைக்கூட அண்ணன் தாங்கிக்கொண்டார். ஊர் காட்டிய மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. ஸ்பேனரை எடுக்கப் போனால் "நீங்க உக்காருங்ணா" என்று ஒரு கை முந்திக்கொள்ளும். சட்டை மாட்டப் போனால் நாலு கை வரும். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஒரு வார்த்தை கேட்காமல் இவருடைய ஜாங்கிரியைப் பிட்டு வைத்தார். அண்ணனின் வலது கை உலக்கை மாதிரி இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். எங்கள் ஊராக இருந்தால் "உனக்கென்ன கேடு, நீயே எடுத்துக்கோ" என்று சொல்லி ஒரே நாளில் குணப்படுத்தியிருப்பார்கள்.

ஒருநாள் என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, ஆரும் எனக்குப் பொத்தான் போட்டு உடாத ஒரு எடம் வேணுமுங்க. தண்ணிக்குள்ள போனாத்தான் அது நடக்கும். நம்ம பக்கம் கெணத்துல தண்ணி இல்லீங்க. கடல்ல இருக்குது."

சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் ஸ்கூபா என்கிற விஷயத்தை போனில் பார்த்திருக்கிறார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். மறுநாளே டாக்டரிடம் போய் நெஞ்சையும் மூச்சையும் சோதித்து, போகலாம் என்று அனுமதி வாங்கிவிட்டார். புதுச்சேரியிலிருந்து வார இறுதிகளில் வந்து இங்கே ஒரு நீச்சல் குளத்தில் ஸ்கூபா வகுப்பு எடுக்கும் ஆசிரியையையும் தேடிப் பிடித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். கண்டிப்பு மட்டும் மாமியார் வயசு.

"கை தூக்க முடியாதது பிரச்சனை இல்ல சார். தண்ணிக்குள்ள உங்க சாமான்களை நீங்களே கையாளணும். அதுக்குத் தோதானதா பாத்து எடுத்துக்குவோம். அப்பவும் முடியலன்னா கடலுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார்.

அண்ணனுக்கு வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு நல்ல வார்த்தையை யாரும் சொன்னதில்லை போலும், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

பம்ப் பட்டறை என்றால் மோட்டாரை இறக்கிச் சோதிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அண்ணன் சோதிக்காத எதையும் வாங்கமாட்டார். ஆகவே மோட்டாருக்குப் பதில் அவரே அதில் இறங்கினார். முதலில் இரவல் வாங்கி வந்த ரப்பர் உடுப்புக்கு ஜிப் முதுகில் இருந்தது. இடது கை உள்ளே பாதி வழியில் நின்றுவிட்டது, போகவும் இல்லை, வரவும் இல்லை. பட்டறை ஆட்கள் மொத்தமும் ஓடிவந்து தொட்டிக்குள் கைவிட்டார்கள். அண்ணன் அவர்களை மரியாதையாகவே வெளியே அனுப்பி, ஷட்டரை இழுத்துவிட்டார். அடுத்த நொடியே ஷட்டரை ஒற்றைக் கையால் திரும்பத் தூக்கி, கத்தரிக்கோல் கேட்டார். இரவல் கொடுத்தவருக்குப் புது உடுப்பு வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதன்பிறகு, முன்பக்கம் ஜிப் வைத்து, ஒரு சுற்று தாராளமான உடுப்பு வந்தது. ஆனால் கடையில் வாங்கிய சாமானை அப்படியே பயன்படுத்தினால் இந்த ஊர்க்காரருக்குத் தூக்கம் வராது. ஜிப்பின் நுனி சின்னதாக இருக்கிறதென்று லேத்தில் கடைந்து ஒரு பித்தளை வளையம் மாட்டினார். அதில் மாட்டையே கட்டலாம். துடுப்புச் செருப்பில் கொக்கி வைத்ததையெல்லாம் தள்ளிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டை வைத்ததை எடுத்தார். குனிந்து வலது கையால் ஒரு இழு, முடிந்தது. சிலிண்டரோடு கூடிய ஜாக்கெட்டைத் தோளுக்குத் தூக்க முடியாது என்பதற்காக, இரும்புக் குழாயில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு வெல்டிங் வைத்தார். ஜாக்கெட்டை அதில் நிறுத்திவிட்டு, முன்னால் உட்கார்ந்து கையை நுழைத்து எழுந்தால் சரி. அதை டெம்போவில் ஏற்றிக் குளத்துக்குக் கொண்டுபோனோம். ஆசிரியை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க படகுல இதே மாதிரி பெஞ்சு இருக்கு சார்."

அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

பெரிய சிக்கல் பிறகுதான் வந்தது. அந்த ஜாக்கெட்டில் காற்று ஏற்றினால் மிதக்கலாம், காற்றை வெளியே விட்டால் இறங்கலாம். வெளியே விட, இடது தோளில் தொங்கும் குழாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அண்ணனின் கை அங்கே போகாது. எத்தனையோ முறை முயன்றார். ஆசிரியை "இதுக்கு இன்னொரு..." என்று ஆரம்பிப்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அடுத்த வகுப்பில் நேராகத் தண்ணீருக்கே வந்தார். "அம்மணி, குழாய்ல காத்து எங்க போயி அடைக்கும்? ஒசரமான எடத்துல. இந்தச் சட்டைக்கு இடுப்புக்குப் பின்னால ஒரு வால்வு இருக்குது, இழுக்கறதுக்குக் கயிறும் இருக்குது. கையத் தூக்க முடியலீன்னா, பின்னாலயத் தூக்கிப்போட்டாப் போவுதுங்களே" என்றவர், உடனே செய்தும் காட்டினார். தலை கீழே, பின்புறம் மேலே, வலது கையால் கயிறு. குமிழி குமிழியாகக் காற்று வெளியேற, அண்ணன் வாத்து மாதிரி கவிழ்ந்து கம்பீரமாக அடியில் போய்ச் சேர்ந்தார்.

"போன வாரம் இதைத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றார் ஆசிரியை. கயிறு நீளமாகவும் அதன் நுனிக் குமிழ் கைக்கு அடங்குகிற மாதிரியும் இருந்த ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பாஸும் போட்டார். கூடவே ஒரு வார்த்தை சொன்னார். கடலுக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. ஜோடியாகத்தான் போக வேண்டும், ஒருவர் சாமானை ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

அண்ணன் முகம் தொங்கிப்போனது. "அங்கயும் கூட ஒரு ஆளுங்களா?" என்றார்.

குளத்தோரம் ஒவ்வொரு வகுப்புக்கும் ஃபிளாஸ்க்கோடு வந்து உட்காரும் அவருடைய சம்சாரம் எழுந்து நின்றார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். கிணத்துக்கடவுத் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"நான் வாரனுங்க" என்றார் அக்கா, ஆசிரியையிடம்.

அக்கா வகுப்பில் சேர்ந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உடுப்பை எடுத்தால் அண்ணன் ஜிப்பைப் போட ஓடிவந்தார், செருப்பை எடுத்தால் காலடியில் உட்கார்ந்தார், நீச்சல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடக்கூட வந்தார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்க மாமா, என்ற கை நல்லாத்தான இருக்குது" என்றார். அண்ணன் போய் உட்கார்ந்தார்.

புதுச்சேரியில் படகு நடுக்கடலில் நின்றது. நீச்சல் தெரியாத நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினார். யாரும் கை வைக்கவில்லை. அக்கா தன்னுடையதை மாட்டிக்கொண்டு எதிரே சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வயிற்றுப் பட்டை மட்டும் மிச்சம். கொக்கி வலது கைக்கு நேராகவே இருந்தது. அண்ணன் அதைத் தொட்டார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அம்மணி, இதக் கொஞ்சம் மாட்டி உடு."

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவசரமில்லாமல் மாட்டிவிட்டார். பிறகு திரும்பி உட்கார்ந்து தன் முதுகைக் காட்ட, அண்ணன் அவர் சிலிண்டரின் வால்வு திறந்திருக்கிறதா என்று நிதானமாகச் சரிபார்த்தார். இருவரும் ஆசிரியையோடு ஒரே சமயத்தில் பின்பக்கமாகக் கடலில் சாய்ந்தார்கள்.

நெடுநேரம் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. படகுக்காரர் என்னை உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அண்ணனை அவ்வளவு பிடிக்கும், அவர் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.