ஈசானி மூலையில் கடல்

ஆரணியில் ஆகாயத்தை நம்பாத ஒரே ஆள் எங்கள் தெரு சாமியானாக்காரர்தான். தலைக்கு மேலே ஒரு துணி இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பந்தல் போடுவது அவர் தொழில். அதோடு நின்றாரா? யாரும் கேட்காமலும் போடுவார். பசு கன்று போட்டால் பந்தல். தண்ணீர் லாரி வருகிறது என்றால் குடத்து வரிசைக்குப் பந்தல். ஒருமுறை நெசவுக்காரர்கள் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைத்திருந்தார்கள். பட்டு நூலுக்கு வெயில் உறைக்குமே என்று இவர் மேலே துணியை இழுத்துக் கட்டிவிட்டார்.

"யோவ், காயறதுக்குத்தான்யா வெயில்ல போட்டுகீறோம்! ஜல்தியா அவுருய்யா!"

அவிழ்க்க வைத்துவிட்டார்கள். அன்று முழுக்க அவர் முகம் மழையில் நனைந்த சாமியானா மாதிரி தொங்கிக் கிடந்தது.

அவர் மனைவி கனகாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. சமுத்திரத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கட்டிக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம், எந்தப் பந்தலிலும் அந்த மனுஷன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. மகன் குமார் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போதுகூட, "இருங்க, ஒரு முடிச்சு பாக்கி" என்று மேலேயிருந்துதான் குரல் வந்தது.

போன தை மாதம் அந்தக் குமார் சென்னையிலிருந்து போன் செய்தான். மரக்காணம் பக்கம் கடற்கரையில் கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கலாம், கூடாரம் தன்னிடமே இருக்கிறது என்றான். படமும் அனுப்பினான். சாமியானாக்காரர் போனைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, கொசுவலை மாதிரி கீது? இதுல மனுசன் நொழையறதா, நண்டு நொழையறதா?"

"நாலு பேரு படுக்கலாம்பா. அஞ்சு நிமிசத்துல நிக்கும்."

"அஞ்சு நிமிசத்துல நிக்கறது அஞ்சு நிமிசத்துல வுழும். நீ வுடு, நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். நாற்பதடி சாமியானா, நூறு நாற்காலி, சீரியல் லைட், ஜெனரேட்டர், இரண்டு வாழை மரம், 'நல்வரவு' போர்டு என்று திட்டம் வளர்ந்தது. போகிறது அவர், கனகா, மகன், மருமகள், நான். ஐந்து பேர். பக்கத்து வீட்டு ஆள் இல்லாமல் பந்தலா என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

"அஞ்சு பேருக்கு நூறு சேரு எதுக்குங்க?" என்றாள் கனகா.

"கடல் பாக்க வரவங்கள்லாம் நின்னுகினா பாப்பாங்க?"

என் வீட்டு வாசலில் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டினார். கனகா உட்கார்ந்த இடத்திலேயே அலை வந்து அவள் காலை நனைக்க வேண்டுமாம். முதல் கம்பம் ஈசானி மூலையில், மஞ்சள் பூசி, மாவிலை கட்டி. வடகிழக்கில் கால் நடாமல் அவர் பந்தல் நின்றதே கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, கடலு கிழக்கால கீது. அவ்ளோ ஓரமா போட்டா உன் ஈசானி மூலை தண்ணிக்குள்ள பூடுமே?"

கரியில் போட்ட கடல் கோட்டை விரலால் அழித்தார். "கடல கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுவோம்கா."

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது வீட்டு வாசலில் ஒத்திகை வைத்தார். முகூர்த்த மாதம், கலர் துணியெல்லாம் வாடகைக்குப் போய்விட்டது. வெள்ளைத் துணிதான் மிச்சம். அதைக் கட்டி, நாற்காலிகளைப் போட்டு, நடுவில் கனகாவை உட்கார வைத்தார். அவள் காலடியில் பந்தியில் சோறு போடுகிற அன்னக்கூடை நிறையத் தண்ணீர்.

"இதான் கடலு. கண்ண மூடிகினு அலை சத்தத்த நெனச்சுக்கோ."

அவளும் மூடிக்கொண்டாள். தெருவே பார்த்தது. வெள்ளைப் பந்தல், வரிசையாக நாற்காலி, கண் மூடிய கனகா. இப்படிப்பட்ட பந்தலில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொருவராக வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். கூட்டம் வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லோருக்கும் டீ சொன்னார். யார் போன் செய்தார்களோ, பதினோரு மணிக்கு தேசூரிலிருந்து கனகாவின் தம்பி ஆளுயர ரோஜா மாலையோடு வந்து விழுந்தான்.

"எக்கா... எங்கள வுட்டுட்டு பூட்டியே எக்கா!"

கனகா கண்ணைத் திறந்தாள். "எங்கடா பூட்டேன்? இன்னும் மரக்காணமே போவலியே!"

பந்தலே சிரித்தது. தம்பி மட்டும் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கனகா சிரிக்கவில்லை. மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடல பாக்கறதுக்குள்ள மாலை வந்துட்ச்சிங்க. ஒத்திகை போதும். நாளைக்கே கெளம்பலாம்."

'அவிழு' என்று யாரும் சொல்லாமல் சாமியானாக்காரர் தானாகவே அவிழ்த்த பந்தல் அது ஒன்றுதான். மறுநாள் வண்டியில் ஏறியது ஒரு துணி, ஒரே ஒரு மூங்கில். அதில் மஞ்சள் மட்டும் பூசியிருந்தது.

மரக்காணத்தில் குமாரின் கூடாரம் ஐந்து நிமிடத்தில் நின்றது. சாமியானாக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூங்கிலை எடுத்துக்கொண்டு ஈசானி மூலைக்கு நடந்தார். குழி தோண்டினார், அலை மூடியது. மறுபடி தோண்டினார், மறுபடி மூடியது. மூன்றாவது தடவை குழியை விட்டுவிட்டு, துணியின் ஒரு முனையைக் கூடாரத்திலும் மறு முனையைக் கம்பத்திலும் கட்டி, முழங்கால் தண்ணீரில் கம்பத்தைப் பிடித்தபடி அவரே நின்றார். கனகாவின் மேல் நிழல் விழுந்தது.

"நீ குந்திகினு பாரு. நான் புடிச்சிகினு கீறேன்."

"எம்மா நேரம்?"

"பொழுது சாயற வரிக்கும்."

"முப்பத்தெட்டு வருசமா புடிச்சது போதும். கம்பத்த வுட்டுட்டு வந்து பக்கத்துல குந்துங்க."

அவர் ஆகாயத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டார். அலை மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போனது. ஈர வேட்டியோடு வந்து கனகா பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இத்தினி பெருசு... எங்க தேடியும் ஒரு முடிச்சு தெரியல, பாரேன்."

கனகா சிரித்த சிரிப்பில் அலைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். போன வாரம் மாடியில் வடகம் பிழிந்துவிட்டுக் கீழே இறங்கினேன். சாயங்காலம் ஏறிப் பார்த்தால் நான்கு கம்பம், மேலே துணி, நல்ல நிழல். வடகம் ஒன்றுகூடக் காயவில்லை. அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.