மாத வாடகைக்குக் கொளஞ்சிநாதன்

நெய்வேலி நகரியத்தில் எங்கள் பிளாக் கூட்டுறவுப் பண்டகசாலையின் கணக்குகளைக் கொளஞ்சிநாதன் என்ற தற்காலிகக் குமாஸ்தா விரல்விட்டு எண்ணியே போட்டுவந்தார். கணக்குகள் சரியாக இருந்தன. நாகரிகமாக இல்லை என்பதுதான் குறை.

இந்தக் குறையைக் காரியதரிசி சங்கரலிங்கம் மதராசுக்குப் போய்வந்த பிறகு கண்டுபிடித்தார். அங்கே பெரிய ஆபீஸ்களில் மின்சார மூளைதான் கணக்குப் போடுகிறதாம். அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லையாம். மாத வாடகைதான் இப்போது மோஸ்தராம். அவ்விதமே ஒரு கம்பெனியிடமிருந்து ஒன்று வந்து இறங்கியது. தேங்காய் உடைத்து, பொட்டு வைத்து, உட்கார வைத்தார்கள். நிபந்தனைகள் எளியவை. யந்திரம் ஒருநாளும் நமக்குச் சொந்தமாகாது. மூடியை நாம் திறக்கக் கூடாது. வாடகையை உயர்த்தும் சிரமத்தைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும். நடுவில் திருப்பிக் கொடுத்தால் ஐந்து வருஷ வாடகையையும் மொத்தமாகக் கட்டிவிட வேண்டும்.

வாடகையும் சம்பளமும் சேர்ந்து கட்டுப்படியாகாது என்பதால், நிர்வாக நலனை முன்னிட்டுக் கொளஞ்சிநாதன் நிறுத்தப்பட்டார். அவர் பர்மனென்ட் ஆனால்தான் தன் மகள் தனத்தைக் கொடுப்பேன் என்று திருவதிகைப் பழனிவேல் சொல்லியிருந்த சமயம் அது.

சுரங்கத் தூசி எங்கள் கொடியில் காயும் துணியில் படிவதுபோல் மின்சார மூளையிலும் படிந்தது. இரண்டாம் மாதம் நின்றுபோயிற்று. யந்திரத்தில் கோளாறு இல்லை, ஆபரேட்டர் இல்லாததே கோளாறு என்று கம்பெனி கண்டறிந்து, கான்டிராக்டில் ஓர் ஆளை அனுப்பியது. ஆளுக்குத் தனி வாடகை. அதில் பாதி கம்பெனிக்கு, பாதி ஆளுக்கு. வந்த ஆள் கொளஞ்சிநாதன். பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். யந்திரத்தை உறை போட்டு மூடினார். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

நான் அண்ணாமலை நகரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். பொருளாதாரம் படிக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சார், மெஷின் ஓடலையே, வாடகை எதுக்கு?" என்றேன் காரியதரிசியிடம்.

"ஓடறதுக்கு வாடகை இல்லம்மா. இருக்கறதுக்கு."

"கணக்கை அவர்தானே போடறார்?"

"முன்னே போட்டது மனுஷக் கணக்கு. இப்போ போடறது மெஷின் கணக்கு. வித்தியாசம் தெரியலியா?"

"எனக்குத் தெரியலை."

"காலேஜ்ல என்னதான் சொல்லித் தர்றாங்களோ."

விடுவேனா? பண்டகசாலை மகாசபையில், உறுப்பினரான அப்பா பேரில் அனுமதி வாங்கி எழுந்தேன். "ஐந்து வருஷ வாடகையை ஒருதரம் அழுது தொலைப்போம். மெஷினை அனுப்பிவிட்டு இவரைப் பர்மனென்ட் ஆக்குவோம்" என்றேன்.

முதலில் எதிர்த்தவர் கொளஞ்சிநாதன்.

"தங்கச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வுட்ருங்க. டெம்பரவரின்னு பொண்ணு தரமாட்டேன்னவரு இப்பதான் நாள் பாத்துக்கினு இருக்காரு."

"இப்ப மட்டும் பர்மனென்டா?"

"நான் இல்லீங்க. மெஷினு. அஞ்சு வருஷத்துக்கு அத்த யாரும் அசைக்க முடியாது, நான் அதுக்கூட வந்தவன்னு சொன்னேன். மாமா ஒத்துக்கினாரு."

சபை கைதட்டியது. யந்திரம் இருக்கட்டும், வாடகைக்குத் துவரம்பருப்பு விலையைச் சற்றே உயர்த்தலாம் என்று தீர்மானமாயிற்று. பக்கத்து பிளாக்கில் மின்சார மூளை இல்லை என்பதை யாரோ நினைவூட்டியதும் மிச்சக் கைகளும் உயர்ந்தன. அப்பாவின் கையும்தான். எதிர்த்து உயர்ந்த ஒரே கை என்னுடையது. உறுப்பினர் கை அல்ல என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பக்கத்து பிளாக்காரர்களும் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் விலாசத்தை வாங்கிப் போனார்கள்.

மறுவருஷம் பி.ஏ. முடித்ததும் எனக்கு ஓர் ஆபீஸிலிருந்து வேலை உத்தரவு வந்தது. அப்பா முன்னும் பின்னும் புரட்டிப் படித்தார். முகம் வாடிவிட்டது.

"மெஷின் ஒண்ணும் இல்லையாம்மா? வெறும் உன்னை மட்டுமா எடுக்கறாங்க?"