என் மீசையும் வெள்ளிமலை மிஷினும்

"இனிமே இந்தக் கையால அருவாளத் தொடமாட்டேன்!"

எண்பத்தேழு செப்டம்பர்ல, வடக்கனந்தல்ல, எங்க வூட்டு எருமைக்கு எதிர்ல நின்னு நான் சொன்ன வார்த்த இது. எரும ஒண்ணும் சொல்லல. எம் பொஞ்சாதி சாலம்மாதான் சொன்னா.

"தொடாதீங்க. நாளைக்கு காபிக்குப் பாலு எங்கேர்ந்து வரும்? உங்க மீசைலேர்ந்து கறந்துக்கலாமா?"

எங்க வூட்டு சட்டம் உங்களுக்குத் தெரியாது. கறக்கறது அவ. புல்லறுக்கறது நான். தினம் ரெண்டு கட்டு. லோடு லாரில கிளீனரா இருந்து, நாளெல்லாம் மூட்டையோட மல்லுக்கட்டிட்டு வூடு திரும்புனா, வாசல்ல அருவாளு நிக்கும். பக்கத்துலயே சாலம்மா நிப்பா. ரெண்டுல எது கூருன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பதான் சாமியாப் பாத்து ஒரு வழி வுட்டுச்சி. வெள்ளிமலை பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவ காலி பண்ணாங்க. கட்டிலு, பீரோ எல்லாம் ஏத்தனோம். கடசியா ஒரு மிஷினு நின்னுச்சி. "அது கெட்டுப்போச்சிப்பா, தூக்கிப் போட்ரு"ன்னாரு பங்களாக்காரரு. நானும் தூக்கியாந்து எங்க வூட்டுல போட்டேன்.

அது இன்னா மிஷினுன்னு கேக்கறதுக்குள்ள லாரி கெளம்பிடுச்சி. அங்கதான் தப்பு.

நாலு குட்டிச் சக்கரம். நடுவுல ஒரு இஞ்சினு. பின்னால தள்ற மாதிரி நீளமா கைப்பிடி. பக்கத்து வூட்டு லூர்துராஜ் சுத்தி சுத்தி வந்து பாத்தான். பம்புசெட்டு வெச்சிருக்கறதால அவனுக்கு இஞ்சினப் பத்தி எல்லாம் தெரியும்னு ஊர்ல ஒரு பேச்சு. பேச்சக் கௌப்புனதும் அவன்தான்.

"அண்ணே, இது சின்ன ரோடு ரோலரு."

"போடா. இது மல்லாட்ட ஒடைக்கிற மிஷினு. மேல கடலயக் கொட்டுனா கீழ பருப்பு வரும்."

சாலம்மா கைல சாணியோட வந்தா. கால்ல ஒரு ஒதை. மிஷினு மல்லாந்துகினு வுழுந்துச்சி.

"கீழ கத்தி இருக்குது, கண்ணு தெரிதா? கத்தில காஞ்ச புல்லு ஒட்டிகினு இருக்குது. மல்லாட்டத் தோலா ஒட்டிகினு இருக்குது? இது புல்லு வெட்ற மிஷினுங்க."

எம் மனசுல ஒரு மத்தாப்பு பூத்துது பாருங்க. உடனே எருமைக்கிட்ட போயி அந்த வார்த்தைய சொல்லிட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிக்கல.

"லூர்து, நீ சாட்சி. ஞாயித்துக்கெழமக்குள்ள இந்த மிஷின ஓட்டி தோட்டத்த மொட்டயடிக்கல, நான் எம் மீசைய மொட்டயடிச்சிக்கிறேன்!"

"ஆமென்"ன்னான் லூர்து.

மீசன்னா சும்மா மீச இல்லீங்க. பதினெட்டு வருசப் பயிரு. தண்ணி ஊத்தாம வளத்தது. சாலம்மா அதப் பாத்து சிரிச்சா.

மறுநாளே மறியல் ஆரம்பிச்சிடுச்சி. இட ஒதுக்கீடு கேட்டு ரோடு பூரா மரத்தை வெட்டிப் போட்டுட்டாங்க. பஸ்சு இல்ல, லாரி இல்ல. கள்ளக்குறிச்சில வேப்பமரத்தடில எங்க லாரி தூங்குது. ஒரு வாரம் நான் வூட்டுல. ஊரே ஒதுக்கீடு கேட்டுச்சி. புல்லறுக்கறதுலேர்ந்து என்ன மட்டும் ஒதுக்கி வுடுங்கன்னு நான் கேட்டேன். ரெண்டு கோரிக்கையும் பேச்சுவார்த்தைல நின்னுச்சி.

சிக்கலு இன்னான்னா, பெட்ரோலு கெடைக்கல. லூர்துராஜ் கால் பாட்டிலு குடுத்தான், கூடவே யோசனையும் குடுத்தான்.

"எங்க பம்புசெட்டு எப்பிடி ஓடுது? பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணணும், சூடானதும் மண்ணெண்ணைக்கு மாத்திடணும். எல்லா இஞ்சினும் ஒரே சாதிதாண்ணே."

ரேசன் மண்ணெண்ணைய சாலம்மா துணிப் பொட்டிக்கு அடில வெச்சிருந்தா. அவ கொளத்துக்குப் போன நேரம் பாத்து எடுத்தாந்தேன். கயித்த இழுத்தேன். வரல. இழுத்தேன். தோளு வந்துச்சி, இஞ்சினு வரல. நாப்பதாவது இழுப்புல "டப் டப்"ன்னுச்சி.

"ஊத்துண்ணே, ஊத்து!"ன்னான் லூர்து.

டாங்கு ரொம்பற வரைக்கும் மண்ணெண்ணைய ஊத்தினேன்.

அய்யய்யோ! பொகைன்னா பொக இல்ல. மேகம். வெள்ள வெளேர்னு தெருவ மறச்சிடுச்சி. எதிர் வூடு காணோம். எரும காணோம். எங் கையே எனக்குக் காணோம். கண்ணு எரிய எவனோ கத்துனான்: "போலீசு பொக குண்டு போட்டுட்டாங்கடோய்!" அவ்ளோதான். மறியலுக்குப் போனவன், போவாதவன், போலாமான்னு யோசிச்சவன் எல்லாம் கரும்புக்கொல்லைக்குள்ள பூந்துட்டான். அவனுங்களுக்கு முன்னால நான் பூந்துட்டேன். இஞ்சினு ரெண்டு இருமு இருமிட்டு செத்துப்போச்சி.

கொஞ்ச நேரத்துல நெசமாவே ரெண்டு போலீசு வந்துட்டாங்க. ரோட்டுலேர்ந்து பொகயப் பாத்துட்டு வந்தவங்க. கொளத்துலேர்ந்து அப்பதான் திரும்பியிருந்த சாலம்மாவ வெசாரிக்கிறாங்க. கரும்புக்குள்ளேர்ந்து காத குடுத்துக் கேக்கறேன். எனக்கு வேர்வை மீச வழியா எறங்குது.

"இன்னாம்மா எரியிது? பஸ்ஸா?"

"அய்ய, இல்ல சார். எருமைக்குக் கொசுத் தொல்ல. ஈர வைக்கலப் போட்டு மூட்டம் போட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சி. மோரு குடிக்கிறீங்களா சார்?"

குடிச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்கு உயிரு வந்துச்சி. ஊர்ந்துகினே வூட்டுக்கு வந்தேன். சாலம்மா இடுப்புல கை வெச்சிகினு நிக்கிறா.

"மண்ணெண்ணை எங்கங்க?"

"அது... மேல போச்சி சாலா."

"மேல போனத நானும் பாத்தேன். ஊரே பாத்துது."

திட்டுவான்னு காத்துகினு இருந்தேன். திட்டல. முந்தானைய சொருகிகினு குந்திட்டா. மிச்ச மண்ணெண்ணைய டியூப்பால உறிஞ்சி எடுத்தா. டாங்கக் கழுவினா. "காத்து எங்க போவுது இதுக்கு?"ன்னு ஒரு மூடியத் தெறந்தா. உள்ள குளவி மண்ணுக் கூடு கட்டி, குடும்பம் நடத்திட்டு, காலி பண்ணிட்டே போயிருக்குது! அதத் தட்டினா. பிளக்கக் கழட்டினா, அட்டக்கரி. பழைய பிளேடால சொரண்டி, ஊதி மாட்டினா.

"உனக்கு இதெல்லாம் எப்பிடிடி தெரியும்?"

"எங்கப்பன் ஆயில் இஞ்சின் ஓட்னவரு. பத்து வயசுல நானே ஹேண்டில் சுத்துவேன். நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப பஜ்ஜியத்தான பாத்தீங்க, என்ன எங்க பாத்தீங்க?"

ஆயில ஒரு குச்சி வுட்டுப் பாத்தா. கீழ தனியா ஒரு வாய், அதுல நான் லாரிக்குன்னு வெச்சிருந்த புது ஆயில ஊத்தினா. மேல சுத்தமான பெட்ரோலு, லூர்து பாட்டில்ல மிச்சம் இருந்தது.

கயித்த ஒரே ஒரு இழுப்பு.

"டுர்ர்ர்ர்!"

பொக இல்ல, இருமல் இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சிங்க. மீசயத் தடவிப் பாத்துக்கினேன். இருக்குது. இனிமேவும் இருக்கும். ஓடிப்போயி கைப்பிடியப் புடிச்சேன். சாலம்மா இஞ்சின நிறுத்திட்டா.

"ஆனா ஒண்ணுங்க. கத்தி தரைலேர்ந்து நாலு வெரக்கட ஒசரம். புல்லு உங்க மாரு மட்டும் நிக்கிது. அப்பிடியே வுட்டீங்கன்னா சுத்திகினு இஞ்சினு மூச்சு முட்டி செத்துடும். இன்னிக்கி வெள்ளி. பொறவு ஞாயித்துக்கெழம நாவிதர எங்க தேடறது? மறியலு வேற."

"இன்னா பண்ணலாம்டி?"

"மேலால கொஞ்சம் கழிச்சி வுட்டுட்டீங்கன்னா மீதிய மிஷினு பாத்துக்கும்."

"எதால கழிக்கிறது?"

அருவாள நீட்டுனா. சாண புடிச்சி, பளபளன்னு, தயாரா.

"நான் தொடமாட்டேன்னு சொல்லிட்டனேடி!"

"எருமைக்காகத் தொடமாட்டேன்னுதான சொன்னீங்க? இது மிஷினுக்காகங்க."

ஞாயம்தானேன்னு பட்டுச்சி. எம் மிஷினு, எம் மீச, நான்தான பாக்கணும்? வெள்ளி சாயங்காலம் குனிஞ்சேன். சனி பூரா குனிஞ்சேன். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் குனிஞ்சேன். "ஓரத்துல கல்லு இருக்குது, கத்தி ஒடஞ்சிடும்"ன்னா, கல்லப் பொறுக்கினேன். "இன்னும் கொஞ்சம் ஒட்ட அறுங்க, இஞ்சினு பாவம்"ன்னா, ஒட்ட அறுத்தேன். இஞ்சினு மேல எனக்கு அப்பிடி ஒரு பாசம். மூணு நாளுல பதிமூணு கட்டு. அத அவ எடுத்துக் கட்டி எருமைக்குப் போட்டுகினே இருந்தா.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் சாட்சி சொல்ல லூர்துராஜ் வந்தான். நான் மிஷின ஸ்டார்ட் பண்ணி, நெஞ்ச நிமித்திகினு, தோட்டத்த மூணு தபா சுத்தி வந்தேன். மொழு மொழுன்னு தரை. ஒரு புல்லு இல்ல. என்னா ஒரு நிம்மதி! பத்து வருசமா இவ்ளோ நிம்மதியா நான் மூச்சு வுட்டதில்ல. மீசய முறுக்கிகினே லூர்தப் பாத்தேன். அவன் வாயப் பொளந்துகினு நிக்கிறான்.

"ஏங்கக்கா, நெசமாவே நல்லா வேல செய்யுதே!"ன்னான் சாலம்மாகிட்ட.

அவ கறந்த பால எடுத்துகினு வந்தா. சொம்பு நொரையோட தளும்புது.

"ஆமா தம்பி. இந்த மிஷினு வந்த பொறவுதான் எங்க வூட்டுக்காரரு ஒழுங்கா புல்லறுக்கறாரு."