ஹங்கேரிப் படத்துக்குக் கொண்டுபோன வடை

டுசல்டோர்ஃப்
15.10.1985

அன்புள்ள அத்தானுக்கு,

கலாதேவி எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுவதாக எழுதுவது முறை. என்னைத் தெரிந்த உங்களுக்கு அப்படி எழுத முடியாது. ஆனாலும் சுகமாக இருங்கள்.

'நான் அங்கே வரட்டோ, நிலைமை சரிவரும்வரை யாழ்ப்பாணத்திலேயே இருக்கட்டோ, நீரே சொல்லும்' என்று கேட்டிருந்தீர்கள். வரவேண்டாம். தனியாக இருந்து பழகிவிட்டேன். இந்தக் குளிர் உங்கள் முழங்காலுக்கு ஆகாது, சமையலறை நாலு குடும்பத்துக்குப் பொது, அதோடு இந்த நாட்டில் படத்துக்குக்கூட இடைவேளை விடுவதில்லை.

சென்ற ஞாயிறு தேவாலய மண்டபத்தில் ஒரு பழைய படம் காட்டினார்கள். பேசும்படம் வந்த புதிதில் ஜெர்மன்காரரும் ஹங்கேரிக்காரரும் கூட்டாக எடுத்ததாம். பக்கத்து அறை லூர்தம்மா அக்கா மன்னார்க்காரி, வடை இல்லாமல் படத்துக்குப் போகமாட்டா. ஒரு வாளி வடையும் பிளாஸ்கில் தேநீருமாக நாங்கள் போனது மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போவது போலிருந்திருக்கும். கதையில் ஒருத்தி, புடாபெஸ்டில் இருக்கிறாள், புருஷன் பெர்லினுக்குப் போனவன், வந்து கூட்டிப்போவதாகச் சொன்னவன், இவள் ஸ்டேஷனுக்குப் போய்ப் போய்ப் பார்க்கிறாள், கடைசியில் ரயில் வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், அவனைக் காணவில்லை, அவள் குடையோடு நிற்கிறாள், அந்த இடத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். "இடைவேளை" என்று அக்கா எழும்பினா. பேராதனையில் பட்டம் எடுத்து ஊரில் படிப்பித்த நானும் பின்னால் போனேன். வெளியே கிடந்த மரவாங்கில் அமர்ந்து வாளியைத் திறந்தோம்.

"மற்றப் பாதியிலை வந்திடுவான், பாருங்கோ டீச்சர்."

"வரமாட்டான் அக்கா. பெர்லினிலை ஒருத்தி இருப்பாள்."

"உங்கடை வாயிலை நல்லதே வராதோ? அப்ப உந்தப் பெட்டை என்ன செய்யும்?"

"வேலைக்குப் போகும், சமைக்கும், பழகிடும்."

"ஓம் ஓம், நீங்கள் பழகின வடிவு தெரியுது. கையிலை எடுத்த வடை அப்பிடியே ஆறுது."

திரும்பி உள்ளே போனால் ஒரு கிழவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மிச்சப் படம் எப்போது என்று என் ஜெர்மனில் கேட்டேன். "அவ்வளவுதான் அம்மணி. நான் இளைஞனாகப் பார்த்தபோதும் அவ்வளவுதான்" என்றார்.

"அவன் வராமல் எப்பிடி முடியும்? வடிவாக் கேளுங்கோ டீச்சர்!" அக்கா என் விலாவில் இடித்தா. மொழிபெயர்த்தேன். கிழவர் யோசித்தார், அடுக்கிய கதிரை ஒன்றை இறக்கிப் போட்டு அதில் அமர்ந்தார், வடை ஒன்றை எடுத்துக் கடித்தார். "எனக்கும் அது சரியாகப் படவில்லை" என்றார்.

நான் அழவில்லை. லூர்தம்மா அக்கா வேறுவிதமாக எழுதினால் நம்பவேண்டாம்.

ஆகவே அவசரப்படாதீர்கள். மாமிக்கு என் வணக்கம். இருட்டியபின் வெளியே போகாதீர்கள்.

இப்படிக்கு,
கலாதேவி

பி.கு.: நேற்று நான் அடித்த தந்தி இதற்கு முன்பே கிடைத்திருக்கும். 'உடனே வாருங்கோ' என்று அதில் இருப்பது தபாற்கந்தோர்க்காரர் விட்ட பிழையல்ல.