மைக் பிடிக்க முழங்கால்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்க ஒன்றுமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான், எங்கள் பேருந்து நிலைய நிர்வாகம் ஓர் ஆங்கிலச் சொல்லின் இரண்டாவது அர்த்தத்தைக் கண்டுபிடித்தது. அந்த வரலாற்றுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதியதே அடியேன்தான்.

தலைமையகத்திலிருந்து வந்த கடிதம் ஒரே வரி: ‘நிரந்தர அறிவிப்பாளர் ஒருவரைத் தேர்வு செய்க. அவர் ஆர்ட்டிகுலேட்டாக இருப்பது அவசியம்.’

போட்டியில் இருவர். ஒருவர் மைக் அக்கா. பதினொரு வருடமாக ‘தற்காலிகமாக’ அறிவித்து வருகிறார். அவர் “ஏழாவது நடைமேடை” என்றால் தூங்குகிறவன்கூட எழுந்து ஏழுக்குத்தான் போவான். எங்கள் நிலையத்தின் உடைந்த படியில் விழுந்ததிலிருந்து அவருக்கு வலது கால் மட்டும் சரியாக மடங்காது. வேலை நிரந்தரமானால்தான் வைத்தியத்துக்கு விடுப்பு கிடைக்கும். மற்றவர் மேலாளரின் மச்சினன். கொழுக்மொழுக்கென்று இருப்பார். பேச்சும் அப்படியே, வழவழா கொழகொழா.

மேலாளர் அகராதியைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“ரெண்டு அர்த்தம் போட்டிருக்கான்யா! ஒண்ணு, தெளிவாப் பேசறது. இன்னொண்ணு, மூட்டு உள்ளது.”

“அறிவிப்பாளருக்கு முதல் அர்த்தம்தானே சார்?” என்றார் காசாளர், இடம் தெரியாமல்.

“தெளிவை எதால அளப்பீங்க? கருவி இருக்கா?”

“இல்ல சார்.”

“மூட்டுக்கு இருக்கு!” என்று மேசை இழுப்பறையைத் திறந்து, மகளின் பள்ளிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பாகைமானியை உயர்த்திக் காட்டினார். அளக்க முடிந்ததே தகுதி என்ற அறிவியல் உண்மை அன்று ஏகமனதாக நிறைவேறியது.

முதலில் மைக் அக்கா அழைக்கப்பட்டார்.

“உங்களுக்கு எத்தனை டிகிரி?”

“ஒண்ணுதான் சார், பி.ஏ.”

“படிப்பைக் கேக்கலம்மா. முட்டியக் கேக்கறேன்.”

அளந்தார்கள். நாற்பது. மச்சினன் சம்மணம் போட்டார், குந்தினார், கால் கட்டைவிரலால் காதைச் சொறிந்தார். நூற்று நாற்பத்தைந்து!

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்களே சார்?” என்றார் அக்கா.

“அது பழமொழிம்மா. இது விதிமுறை.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. நான் பேசறது யாருக்காவது புரியாமப் போயிருக்கா?”

நான் பேனாவில் மை இருக்கிறதா என்று மிகக் கவனமாகப் பார்த்தேன். இருந்தது. ‘மச்சினன் தேர்வு’ என்று எழுதினேன்.

மறுநாள் காலை மச்சினன் மைக்கைப் பிடித்தார். “ழழைமழழம்... மூழாவழு... நழமேழை...” என்றது ஒலிபெருக்கி. கல்யாண வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் சிறைச்சாலை வண்டியில் ஏறினார்கள். சாட்சி சொல்லப் போனவர் விமான நிலையத்தில் இறங்கினார். இந்தத் தேர்வுமுறைக்குப் பாராட்டு வாங்கத் தலைமையகம் கிளம்பிய மேலாளர், காதில் விழுந்தது ‘தலைமையகம்’ என்று நம்பி, மூன்றாவது நடைமேடையில் நின்ற வண்டியில் ஏறி ஜன்னலோரம் அமர்ந்தார். விரும்பியதைக் கேட்பது மேலதிகாரிகளுக்கே உரிய திறமை. அது பணிமனைக்குக் கழுவப் போகிற வண்டி.

ஒரு மணி நேரத்தில் சோப்பு நுரையோடு திரும்பி வந்தார்.

நிலையம் சந்தைக்கடையாகியிருந்தது. மைக் அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்தார். மச்சினனை ஒரு பார்வை பார்த்தார். அவர் நூற்று நாற்பத்தைந்து டிகிரியும் மடங்கி ஒதுங்கினார். அக்கா மைக்கைப் பிடித்தார். மூன்றே நிமிடம். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கூட்டம் அவரவர் வண்டிக்குப் பிரிந்தது.

மேலாளர் சட்டையைப் பிழிந்தபடியே அக்காவின் நியமன உத்தரவில் கையெழுத்திட்டார். மை கொஞ்சம் கரைந்திருந்தாலும் ‘நிரந்தரம்’ என்பது தெளிவாகவே இருந்தது.

“ஏம்மா, உங்க தகுதிய நேத்தே கூட்டத்துல எடுத்துச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன் சார். தெளிவாத்தான் சொன்னேன்.”

உத்தரவை வாங்கி மடித்துக்கொண்டு, அக்கா என்னிடம் வந்தார். மேசையிலிருந்த பாகைமானியைக் கையில் எடுத்தார்.

“தம்பி, உங்களுக்கு எத்தனை டிகிரி?”

“நூத்தம்பது இருக்கும்க்கா!” என்றேன், மச்சினனையே மிஞ்சிவிட்ட பெருமிதத்தோடு.

“முட்டிய யாரு கேட்டா? முதுகக் கேட்டேன்.”

நான் நன்றாகக் குனிந்து, பேனாவில் மை இருக்கிறதா என்று மறுபடியும் மிகக் கவனமாகப் பார்த்தேன்.