ஆறு எட்டுத் தூரம்

என் அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிறார்கள். ஆறு எட்டுத் தூரத்தில்.

சிரிக்க வேண்டாம், நடந்து எண்ணியவள் நான். எங்கள் குடாவில் ஒவ்வொரு வீடும் இரண்டு வீடு. மலையை ஒட்டி இருப்பது மனிதர்களுக்கு. தெருவைத் தாண்டி, கடலுக்குள் கால் நனைத்து நிற்பது படகுக்கு. அதன் மாடியில் ஓர் அறை. நடுவில் தெரு. அந்த ஆறு எட்டை அப்பா வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

காரணம் ஓர் இன்ஜின். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படகுக்குப் புது இன்ஜின் வாங்கினார். "அவ்வளவு பிடிச்சிருந்தா அதோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள் அம்மா. அப்பா மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய் இன்ஜினுக்கு மேலே குடியேறினார். அவருடைய சம்பளமும் இன்ஜின் கடனுக்குக் கூடவே போய்விட்டது. மீன் பதனிடும் கொட்டகையில் நாள் முழுக்க நின்று கானாங்கெளுத்திக்குக் குடல் எடுக்கிற அம்மாவின் கூலியில்தான் வீடு நடக்கிறது. க்யோத்தோவில் என் படிப்பும் நடக்கிறது.

இதில் எனக்குக் கோபம் வரக் கூடாதா? பல்கலைக்கழக உதவித்தொகைப் படிவம் என்ன கேட்கிறது தெரியுமா? பெற்றோர் இருவர் வருமானத்தையும் கூட்டு என்கிறது. கூட்டினால் நாங்கள் வசதியான குடும்பம். சம்பளம் இன்ஜினுக்கு, அந்த எண் மட்டும் எனக்கு. உதவி அலுவலகத்தின் ஜன்னலில் நின்று இதை நாற்பது நிமிடம் வாதாடினேன். குடும்பம் என்பது என்ன, வருமானம் என்பது என்ன என்று அடிப்படையிலிருந்தே தொடங்கினேன். உள்ளே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெற்றோர் பிரிந்திருப்பதாக ஊர் நல உறுப்பினரின் சான்று வேண்டும், மார்ச் பதினைந்துக்குள் வேண்டும் என்று சொல்லிக் கண்ணாடியை இழுத்து மூடினார். கிடைக்காவிட்டால் ஏப்ரலில் படிப்பை விட்டுவிட்டு நானும் கானாங்கெளுத்தி முன்னால் நிற்க வேண்டியதுதான்.

பிப்ரவரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் தெருவின் நல உறுப்பினர் ஒகுனோ அம்மாள். சோயா சாஸ் கடை வைத்திருப்பவர். சம்பளமில்லாத பதவி, அதனாலேயே ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்.

"உங்க அப்பா பிரிஞ்சிருக்காரா?" என்றார். "நேத்து உங்கம்மா கொடியில அவரோட பனியன் காயுதே. சாயந்திரம் துண்டோட தெருவைத் தாண்டறாரே. நான் கண்ணை மூடிக்கிட்டா எழுத முடியும்?"

உண்மைதான். அப்பா தினமும் மாலை அம்மா வீட்டு வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கிவிட்டு, ஒரு கிண்ணம் மிசோ சூப்பும் குடித்துவிட்டு, பகை மாறாமல் திரும்பிப் போவார். பொதுக் குளியலறையில் நூறு பேர் ஒரே தொட்டியில் குளிக்கிறார்கள், நூறு பேரும் ஒரே குடும்பமா என்று கேட்டேன்.

"அங்க முதுகு தேய்ச்சு விட ஆள் இல்லம்மா" என்றார் ஒகுனோ அம்மாள். பிறகு, இரண்டு வாரம் பார்க்கிறேன், நிஜமாகவே தனியாக இருந்தால் நிஜமாகவே எழுதுகிறேன் என்றார்.

இதை வந்து சொன்னதும் அப்பா சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். போருக்குப் போகிறவர் போல எழுந்து நின்றார்.

"சயோ, உன் படிப்புக்காக இன்னிலேர்ந்து நான் தனிக் குடித்தனம். குளியல் வேண்டாம். சூப் வேண்டாம். ஆம்பளைக்கு என்ன பெரிசா வேணும், ஒரு கூரையும் கடலும் போதும்."

"சரிங்க" என்றாள் அம்மா.

அவ்வளவு சீக்கிரம் சம்மதம் வரும் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறினார்.

"துணியையும் நானே துவைச்சுக்குவேன்."

"ரொம்ப சந்தோஷம். அப்போ முறையா செஞ்சிடலாம். நம்ம மூணாவது குழுவுல உங்களைத் தனி வீடுன்னு பதிஞ்சிடறேன். சுற்றுப்பலகை உங்களுக்குத் தனியா வரும். முத்திரை தனியா வெச்சுக்குங்க."

சுற்றுப்பலகை என்பது அறிவிப்புத் தாள் செருகிய ஒரு பலகை. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்தது ஒரு குழு, அதில் வீடு வீடாகப் போகும். படித்துவிட்டு, தாளின் ஓரத்தில் வீட்டு முத்திரையை வைத்து அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட வேண்டும். எங்கள் வீட்டு முத்திரை அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து வருடமாக அதைக் கையில் பிடித்தவள் அம்மா. அப்பா 'குழுத் தலைவராக' இருந்த வருடம்கூடச் சாக்கடை வாரியது, குப்பை வலை மாற்றியது, சந்தா கேட்டுக் கதவு தட்டியது எல்லாம் அவள்தான். அப்பா தலைவருக்கான தொப்பியைப் போட்டுக்கொண்டு புகைப்படத்தில் நின்றார்.

"பதிஞ்சுக்கோ, பதிஞ்சுக்கோ" என்று பெருந்தன்மையாகக் கையசைத்துவிட்டு அப்பா தெருவைத் தாண்டினார்.

அன்று பனி பெய்யத் தொடங்கியது. அந்த இரண்டு வாரமும் இப்போது நினைத்தால் தூக்கத்தில் பார்த்தது போலத்தான் இருக்கிறது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். பனி தண்ணீரில் விழும் சத்தம்கூட இல்லை, தொட்டதும் கரைந்துவிடும். படகு வீட்டு மாடிக்கு நான் போகும்போதெல்லாம் அப்பா ஜன்னலோரம் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பார். தரைப்பலகைக்குக் கீழே அலை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். தண்ணீரின் வெளிச்சம் கூரையில் மெல்ல நீந்தும். முதல் நாள், இதுதான் வாழ்க்கை என்றார். நான்காம் நாள், மீன்கள் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கின்றன என்றார். ஏழாம் நாள் கடல் பக்கத்து ஜன்னலை விட்டுத் தெருப் பக்கத்து ஜன்னலுக்கு மாறியிருந்தார்.

அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் குளியலறை. மாலை ஐந்தானால் அதன் சின்ன ஜன்னலிலிருந்து ஆவி கிளம்பும். பனிக்குள் நுழைந்து, வளைந்து, ஆறு எட்டையும் மிதந்தே கடந்து அப்பாவின் ஜன்னல்வரை வந்து மறையும். அப்பா முகத்தை நீட்டுவார்.

"மிசோவுல இன்னிக்கு முள்ளங்கி" என்பார் கண்ணை மூடிக்கொண்டு.

அம்மாவோ மெலிந்திருக்க வேண்டியவள், மினுங்கினாள். தொட்டியில் ஒரு மணி நேரம் ஊறினாள். அறையின் நட்டநடுவில் கை கால் விரித்துத் தூங்கினாள். உனக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, வெந்நீர் அவ்வளவும் ஒருத்திக்கே என்றால் வீண்தானே என்றாள்.

பதிமூன்றாம் நாள் அப்பா என்னிடம், கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்களாமே என்று மெதுவாக ஆரம்பித்தார். கொதித்துவிட்டேன். "இன்ஜினை நான் வாங்கச் சொன்னேனா? இன்னும் ஒரு நாள். ஒரே நாள் உங்களால நாறிக்கிட்டு இருக்க முடியாதா?" தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை ஐந்து மணி. அம்மாவின் சமையலறையில் நான் இருந்தேன். முன்னறிவிப்பு இல்லாமல் ஒகுனோ அம்மாள் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பின்கதவு ஓசையில்லாமல் நகர்ந்தது. தலையில் பனியோடு அப்பா. ஒரு தோளில் துண்டு. கக்கத்தில் எதையோ மறைத்திருந்தார், சோப்பு டப்பாதான்.

என் நாலு வருடப் படிப்பு அந்த வாசலில் சொட்டிக்கொண்டு நின்றது. 

அம்மா திரும்பிப் பார்த்தாள். அயலாரைப் பார்க்கிற மரியாதையோடு தலை வணங்கினாள்.

"எதிர்வீட்டு நகஹாமா சாரா? பனியில சிரமப்பட்டு வரணுமா? சுற்றுப்பலகை முடிச்சுட்டீங்களான்னு கேக்கலாம்னுதான் இருந்தேன்."

அப்பா விழித்தார். பலகையைக் காலையில் அம்மாவே அவர் வாசலில் சாத்தியிருந்தாள். "ஆமா... முடிச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். எடுத்துட்டு வரேன்." ஓடினார். துண்டும் டப்பாவும் இல்லாமல் பலகையோடு திரும்பினார்.

ஒகுனோ அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டித் தாளின் ஓரத்தைப் பார்த்தார். அம்மா வீட்டு முத்திரை. அதன் பக்கத்தில், புத்தம்புதிதாக, கொஞ்சம் கோணலாக, அப்பாவின் தனி முத்திரை.

"பலகை தனியா வருது, முத்திரை தனியா விழுது. இதுக்கு மேல என்ன தனி வீடு?" என்று பையிலிருந்து சான்றிதழை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சுட்டுத்தானே முத்திரை வெச்சீங்க, நகஹாமா சார்?"

"வரிக்கு வரி" என்றார் அப்பா.

எனக்கு உதவித்தொகை கிடைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மே மாத விடுமுறையில் ஊருக்கு வந்தேன். மறுநாள் ஞாயிறு, காலை ஆறு மணி. குடா முழுக்கப் பால் போல மூடுபனி. படகு வீடுகள் எல்லாம் மேகத்துக்குள் கட்டியவை போல் நின்றன. அந்த மூடுபனிக்குள்ளிருந்து ரப்பர் பூட்ஸ் சத்தம் வந்தது. பிறகு மண்வெட்டி. பிறகு தலைவருக்கான தொப்பி. அதற்கடியில் அப்பா.

பிப்ரவரியில் அவர் வரிக்கு வரி படித்து முத்திரை வைத்த தாளில் இருந்தது ஒரே அறிவிப்பு. குழுவில் புதிதாகச் சேரும் வீடே வழக்கப்படி அடுத்த ஆண்டுத் தலைமை ஏற்கும், சம்மதத்துக்கு முத்திரையிடுக. அவர் தனியாகப் பிரியாமல் இருந்திருந்தால் அந்த ஆண்டுத் தலைமை சுற்றுமுறைப்படி அம்மா வீட்டுக்கு வந்திருக்கும்.

அப்பா எங்கள் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "சாக்கடை வாரும் நாள். வீட்டுக்கு ஒருத்தர் வரணும்."

மாடி ஜன்னல் திறந்தது. குளித்த ஈரம் காயாத கூந்தலோடு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தனியா இருக்கற பொம்பளை நான், தலைவரே. இந்த மாதிரி வீட்டுப் பங்கைத் தலைவர்தான் வாரணும். நம்ப முடியலைன்னா சொல்லுங்க, சான்றிதழோட நகல் வெச்சிருக்கேன்."